திருத்தம் ஏதுமில்லை

"இல்லச் செய்திகள். வாசிப்பது பேராச்சி. முதலில் பணியாளர் செய்திகள்."

சாப்பாட்டுக் கூடத்து ஒலிபெருக்கி ஒருமுறை இருமிவிட்டுப் பேசத் தொடங்கியது. பிள்ளைகள் தட்டில் கைவைத்தபடி நிமிர்ந்தார்கள்.

"வாயிற்காவலர் தங்கபுஷ்பம் அக்காவின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஏரலில் பேக்கரி வைத்திருக்கிறார். எங்களுக்குக் கேக் உண்டா என்று கேட்டதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. சமையலர் அன்னத்தாய் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. இனி உப்பு பார்ப்பதில் தடங்கல் இராது என்று நம்புகிறோம்."

சமையலறைப் பக்கமிருந்து ஒரு கரண்டி 'ணங்' என்று விழுந்தது. கூடம் சிரித்தது.

"பிள்ளைகள் செய்திகள். கேரம் போட்டியில் சகாயராணி ஜெயித்தாள். ஸ்டிரைக்கரை ஒளித்து வைத்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. அடுத்து, திருத்தங்கள். சென்ற வாரம் தண்ணீர்த் தொட்டி வெள்ளிக்கிழமை கழுவப்பட்டது என்று சொன்னோம். தவறு, வியாழக்கிழமை. வருந்துகிறோம்."

திருத்தம் இல்லாமல் அந்தச் சிறார் சீர்திருத்த இல்லத்தில் செய்தி முடிந்ததே கிடையாது. கண்காணிப்பாளர் திரிபுரசுந்தரி தன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்பார். தப்பாகச் சொன்னது தப்பாகவே நின்றுவிடக் கூடாது என்பது அவர் கட்சி. பிள்ளைகள் முன்னால் அவரை 'சூப்பிரண்டு மேடம்' என்பார்கள். பின்னால் 'திருத்தம் மேடம்'.

"கடைசிச் செய்தி," என்றது ஒலிபெருக்கி. வெளியேறப் போகிற பிள்ளைதான் அதற்கு முந்தின வாரச் செய்தியை வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அதற்கடுத்த வரி. "பேராச்சிக்குப் பதினெட்டு முடிகிறது. அவளுக்குத் துடைப்பு வேண்டாமாம். செய்திகள் முடிந்தன."

கூடத்தில் ஒரு பிள்ளையின் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. தன் அறையில் திரிபுரசுந்தரி எழுந்து நின்றுவிட்டார். பேராச்சியை உடனே அங்கே அழைத்தார்.

"துடைப்புன்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும் மேடம். நான் இங்க கெடந்ததே எந்த மெசினுக்கும் ஞாபகம் இருக்காது. போலீசு, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, தெருக் கேமரா, அடுத்தவுக போனு, எல்லாத்துலயும் அதுவே புகுந்து என்னப் பெருக்கித் தள்ளிரும். விளக்கமாறுன்னு நாங்க சும்மாவா பேரு வச்சோம்?"

"அது கேலி பண்ற விஷயமில்லை. உன் வயசுல தப்புப் பண்ணினவங்களை ஆயுசு பூரா அந்தத் தப்பு துரத்தக் கூடாதுன்னு கொண்டு வந்த சட்டம்."

"நல்ல சட்டந்தான் மேடம். எனக்கு வேண்டாம்."

திரிபுரசுந்தரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எதிரே நின்ற பெண் ஒல்லி. உப்பளத்து வெயிலில் வளர்ந்த கறுப்பு. பதினைந்து வயதில் அவள் ஒரு பம்பு அறைக்குத் தீ வைத்தாள். மேற்பார்வையாளன் அவள் அம்மாவைக் கன்னத்தில் அறைந்தான் என்பது காரணம். உள்ளே காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. அவருடைய வலது கை வெந்துபோனது.

"துறைமுகத்துல கிரேன் பயிற்சிக்கு உனக்கு இடம் கிடைச்சிருக்கு. துடைச்சாத்தான் அந்தக் கேட் திறக்கும். பிரிஸ்கில்லாவை ஞாபகம் இருக்கா? வேண்டாம்னு போனாளே. ஜவுளிக்கடை வாசல்ல கூட முகத்தைப் பார்த்ததும் சிவப்பு விளக்கு எரியுதாம். தீபாவளிக்குத் துணி எடுக்க அவ உள்ள போக முடியலை."

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டுமா?"

பேராச்சி தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "எங்கம்மா கொரலு அதுக்குள்ளதான மேடம் கெடக்கு."

திரிபுரசுந்தரிக்கு அது தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் பேராச்சி அனுமதி கேட்டு வந்து, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவள் அம்மா பேசிய பதிவைக் கேட்டுவிட்டுப் போவாள். போன வெள்ளத்தில் உப்பளக் குடியிருப்போடு அம்மாவும் போய்விட்டாள்.

"வேற எங்கயும் இல்லையா? போன்ல?"

"வாடகைப் போனு மேடம். மாசக் கடைசியில திருப்பிக் குடுத்தா உள்ள உள்ளதக் கழுவிட்டு அடுத்த ஆளுக்குக் குடுப்பான். எங்களையெல்லாம் பெருக்குததுக்குச் சட்டம் எதுக்கு?"

"அதுல உங்கம்மா அழறாங்க, பேராச்சி. 'எம்புள்ளையத் தந்திருங்கய்யா'ன்னு கால்ல விழாத குறையா..."

"அழுதாலும் எங்கம்மாதான மேடம்."

திரிபுரசுந்தரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பதினெட்டு முடிகிறவள். சம்மதமும் மறுப்பும் அவள் உரிமை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதில் திருத்த ஒன்றுமில்லை.

புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இம்தியாஸ் வந்தான். துடைப்பை நடத்துகிறவன். வெளியேறும் பிள்ளை சம்மதித்தாலும் மறுத்தாலும், எதெல்லாம் அழியும் என்று ஒத்திகை ஒன்று பார்த்தாக வேண்டும். இல்லத்தின் ஆற்றுப்படுத்துநரான ஜெபக்கனியும் கூட இருந்தாள். செய்திகளைச் சேர்த்து ஒலிபரப்புவதும் அவள் வேலைதான்.

திரையில் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. பொங்கலுக்குப் பேராச்சி போட்ட கோலத்தின் படம். அவள் வாசித்த செய்திகள். பார்வையாளர் அறைக் கேமராவில் அவளும் அம்மாவும். குழுமத்தின் பதிவு.

"இந்த ஒண்ணை மட்டும் தனியா எடுத்துக் கொடுக்க முடியாதா தம்பி?" என்றார் திரிபுரசுந்தரி. "அவ பேர், வழக்கு எதுவும் வேண்டாம். அம்மா குரல் மட்டும்."

"முடியாது மேடம். அந்தக் குரல் ஏன் அழுதுன்னு அடுத்த மெஷின் கேக்கும். அங்கயிருந்து நூலைப் புடிச்சு இந்தப் பொண்ணுகிட்ட வந்துடும். பிள்ளையோட ஒட்டினது எல்லாம் பிள்ளையோட போயிடணும். மனுஷங்க மனசை மட்டும்தான் எங்களால ஒண்ணும் பண்ண முடியலை."

"எதையுமே விட்டு வைக்காதா?"

"பணியாளர் பதிவைத் தொடாது. அது வேற சட்டம். ஓய்வூதியம், வாரிசு வேலைன்னு நூறு விஷயம் இருக்கே. அதுக்குள்ள எங்க மெஷினுக்குக் கண்ணு கிடையாது. யாராவது கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் உள்ள நுழையும்." திரையைத் தள்ளியவன் நின்றான். "இங்க பாருங்க, நீங்களே கூட்டிட்டுப் போயிருக்கீங்க."

"நானா?"

"ஒரு திருத்தம் நிலுவையில இருக்கு. மூணு வருஷமா. 'பணியாளர் செய்தியில் தற்காலிகச் சமையலர் என்று குறிப்பிடப்பட்டவர் பணியாளர் அல்லர், பார்வையாளர்.' நீங்க அனுப்பினது. எங்க ஆபீஸ்ல யாரும் பார்க்கலை போல. கையோட சரி பண்ணிடலாமா?"

ஜெபக்கனி 'எம்மா' என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரிபுரசுந்தரி அவளைப் பார்த்தார். அறை மூலையில் இருந்த சின்னக் கறுப்புப் பொத்தானையும் பார்த்தார். இல்லத்தின் எல்லாச் சுவர்களுக்கும் காது உண்டு.

"தம்பி, காபி சாப்பிட்டுட்டு வாங்களேன். அன்னத்தாய் போடுவாங்க," என்றார்.

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றால் தான் பேசுவது தனக்கே கேட்காது. இருவரும் அங்கே போனார்கள்.

"சொல்லு. எனக்கு முழுசா ஞாபகம் வரலை."

"நான் வேலைக்குச் சேந்த வாரம் மேடம். அன்னத்தாயம்மா லீவு. பாக்க வாரவுகளுக்குப் பத்து மணிக்குத்தான கேட்டு. பேராச்சியோட அம்மா மொத பஸ்ஸுக்கே வந்துட்டாவ. பின்பக்கமா எட்டிப் பாத்தா அடுக்களையில ஒரே களேபரம். சேலையச் சொருகிட்டு உள்ள எறங்கிட்டாவ. நான் மைக்கத் தூக்கிட்டுப் போயி, புதுச் சமையக்காரவுகன்னு நெனச்சுப் பேட்டி எடுத்துப் பணியாளர் செய்தியில ஏத்திட்டேன். அவுகளும் இல்லன்னு சொல்லல. யாரு புள்ளையோட அம்மான்னும் சொல்லல. கூச்சமா இருந்திருக்கும்."

"ஒலிபரப்பாகறதுக்கு முன்னாடி நான் நிறுத்தினேன்."

"நிறுத்துனியளா? என்னக் கூப்பிட்டு நிக்க வச்சு ஏசுனிய! 'யார் எவர்னு கேக்காம மைக்கை நீட்டுவியா'ன்னு. ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல." ஜெபக்கனி கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "அதுல அந்தம்மா சிரிக்காவ மேடம்."

ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. திரிபுரசுந்தரி அவள் காதருகே குனிந்தார்.

"நான் சரி பண்ணினா, அது பார்வையாளர் ஆயிடும். பிள்ளையோட ஒட்டினது. அவ இப்ப மறுத்தாலும், ஜவுளிக்கடை வாசல்ல நின்னு நின்னு என்னைக்காவது ஒரு நாள் சம்மதிக்கத்தான் போறா. அன்னைக்கு இதுவும் போயிடும்."

"ஆமா."

"நான் விட்டுட்டா, ஒரு பொய் அரசாங்கப் பதிவுல நிரந்தரமா நிக்கும். என் பேர்ல."

"அதுவும் ஆமா மேடம்."

"அவகிட்ட வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. 'அம்மா'ன்னு ஒரு சுவர் கேட்டாப் போதும்."

ஜெபக்கனி தலையை மட்டும் ஆட்டினாள். ஏச்சு வாங்கியவளுக்கு யோசனை சொல்லத் தயக்கமாக இருந்திருக்கும்.

அறையில் இம்தியாஸ் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "ஒரே கேள்விதான் மேடம். அன்னைக்கு அவங்க பணியாளரா, இல்லையா?"

முப்பது வருஷ உத்தியோகத்தில் தொட்டி கழுவிய கிழமையைக்கூட மாற்றிச் சொல்லாதவர் திரிபுரசுந்தரி.

"பணியாளர்."

"நியமிச்சது?"

"நான்தான். வாய்மொழியா. ஒரு நாளைக்கு."

"அப்ப இந்தத் திருத்தம்?"

"நான் போட்ட திருத்தம்தான் தப்பு. அவங்க சமைச்சாங்க. அத்தனை பிள்ளைகளும் சாப்பிட்டாங்க. அதுக்கு மேல என்ன நியமனம் வேணும்?"

இம்தியாஸ் அவரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான். பிறகு திரையைத் தொட்டான். "ரத்து. இனிமே அது அழியாது." பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "பொதுவாச் சொல்லி வைக்கிறேன் மேடம். அந்தப் பேருக்கு உறவுன்னு யாராவது வந்து நின்னா கதவு மறுபடி திறந்துக்கும். யாரும் வராம இருந்தா நல்லது."

அன்று மாலை கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பேராச்சியிடம் திரிபுரசுந்தரி போய் நின்றார்.

"நாங்க உன்னை வற்புறுத்தலை. சனிக்கிழமை செய்தியைக் கேளு. பணியாளர் செய்தியை மட்டும் கவனமா. கேட்டுட்டு ஒரு வார்த்தையும் பேசாதே. பிறகு உன் இஷ்டம்."

"பணியாளர் செய்தியில எனக்கு என்ன மேடம் இருக்கு? அன்னத்தாயம்மா பல்லா?"

"கேளு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ஜெபக்கனியே வாசித்தாள். பேராச்சி சகாயராணிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டின் ஓரத்தில் வழக்கம்போல் கறிவேப்பிலை ஒதுக்கி வைத்திருந்தாள்.

"முன்பு நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு பணியாளர் செய்தி இப்போது ஒலிபரப்பாகிறது," என்றாள் ஜெபக்கனி. குரல் லேசாகப் பிசிறியது. பிறகு பாத்திரங்களின் சத்தம். அதன் நடுவில் பழைய, பதற்றமான ஜெபக்கனி.

"புதுச் சமையலரோட பேசுதோம். ஒங்க பேரு என்னம்மா?"

"எம் பேரா? எதுக்குட்டி?"

"செய்தில போட."

"செய்தில நம்ம பேரா!" ஒரு சிரிப்பு. நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி உடைந்து சிதறுகிற சிரிப்பு. "சுடலைவடிவுன்னு போடு. நல்லாப் போடு. ஆமா, இந்த அரிசியக் களஞ்சது யாரு? இப்படியா களைவாக? கல்லும் மண்ணுமால்லா கெடக்கு."

"இந்த வேலை ஒங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"புடிக்காமயா? இங்கனக்குள்ளயே ஒரு வேல கெடச்சா இருந்துருவேன். புள்ளைக சாப்பிடுதத தெனமும் பாத்துக்கிட்டே கெடக்கலாமே."

கூடத்தில் பேராச்சியின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. சகாயராணி வெடுக்கென்று திரும்பினாள். பார்வையாளர் நாட்களில் கேட்டு அந்தக் குரல் அவளுக்குப் பழக்கம்.

"ஏட்டி, இது ஒங்க..."

பேராச்சி ஒரு பெரிய உருண்டையை உருட்டி அவள் வாயில் திணித்தாள். "தின்னுட்டி. பேசாத."

"புள்ளைகளுக்கு எதுவும் சொல்லுதியளா?" என்றது பழைய ஜெபக்கனியின் குரல்.

"நான் என்னத்தச் சொல்ல? ரசம் நெறைய இருக்கு, ஊத்திச் சாப்பிடுங்க. பெறகு, கறிவேப்பிலைய ஒதுக்கி வைப்பாளுவ பாரு சில மூதிக. எடுத்துத் திங்கச் சொல்லு. கண்ணுக்கு நல்லது."

பிள்ளைகள் சிரித்தார்கள். பேராச்சி தட்டின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு இலையாக எடுத்து வாயில் போட்டு மென்றாள். கண் கலங்கி வழிந்தது. மூலையிலிருந்த கறுப்புப் பொத்தானைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"ரசத்துல ஏகப்பட்ட மொளகு. கண்ணுல தண்ணி வருது." கொஞ்சம் விட்டு, "அந்தச் சமையக்காரம்மா நல்லாப் பேசுதாக," என்றாள்.

சகாயராணி வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினாள்.

"பிள்ளைகள் செய்திகள்," என்று தொடர்ந்தாள் ஜெபக்கனி. ஸ்டிரைக்கர் அன்னத்தாயம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் அகப்பட்டதாம். அது யாருக்கும் காதில் விழவில்லை. கடைசியில் அவள் சொன்னதுதான் விழுந்தது. "இந்த வாரம் திருத்தம் ஏதுமில்லை."

"என்னது! மேடத்துக்கு ஒடம்பு சரியில்லையாட்டி?" என்று கேட்டது ஒரு குரல்.

ஞாயிற்றுக்கிழமை பேராச்சி அறை வாசலில் வந்து நின்றாள். "சம்மதம் மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பணியாளர் செய்திய வெளியாளுக கேக்கலாமா மேடம்?" என்றாள்.

"அரசாங்கச் செய்தி. யார் வேணும்னாலும் போன் பண்ணிக் கேக்கலாம்."

"அப்பச் சரி."

திங்கட்கிழமை அவள் போன பிறகு விளக்கமாறு வந்து போயிற்று. சத்தமில்லை. பொங்கல் கோலப் படத்தில் கோலம் இருந்தது, போட்டவள் இல்லை. பழைய செய்திகளில் வாசிப்பவர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு மூச்சளவு மௌனம். குழுமத்தின் பதிவில் அழுதவளும் இல்லை. காவலாளியின் மருத்துவக் கோப்பில் 'தீ விபத்து, காரணம் தெரியவில்லை' என்று மாறியிருந்ததைத் திரிபுரசுந்தரி இரண்டு தடவை படித்தார். அந்த மனிதர் இன்னமும் இடது கையால்தான் சாப்பிடுகிறார். அவருக்கு இதை யார் போய்ச் சொல்வது? படித்துவிட்டு மூடினார். அதையும் அவரால் திருத்த முடியாது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், மேசைத் திரை தானாக விழித்தது. ஓய்வூதியப் பிரிவின் இயந்திரம். இழுத்து இழுத்துப் பேசும் பெண் குரல்.

"பணியாளர் சுடலைவடிவு இறந்துவிட்டதாக வெள்ள நிவாரணப் பதிவிலிருந்து அறிகிறோம். துறையின் ஆழ்ந்த இரங்கல். கருணை அடிப்படையில் வேலை பெறத் தகுதியுள்ள வாரிசு உண்டா? பெயரைச் சொல்லவும்."

திரிபுரசுந்தரி இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அரசாங்க வேலையே கிடைக்கும். பெயரைச் சொன்னால் போதும். சொன்னால் கதவு திறந்துகொள்ளும். துடைத்ததெல்லாம் அம்பலமாகும். குரலும் போகும்.

"மகன், மகள், கணவர் எவரேனும்?" என்று மறுபடி கேட்டது இயந்திரம்.

"யாருமில்லை."

"உறுதி செய்யவும். இந்தப் பணியாளருக்குப் பிள்ளைகள் இல்லை."

வெளியே மழையில் நனைந்துகொண்டே பிள்ளைகள் துணி எடுக்க ஓடினார்கள். ஒருத்தியின் பெயரைச் சொல்லி இன்னொருத்தி கத்தினாள்.

"இல்லை," என்றார்.

அந்த வாரச் செய்தியில், மறைந்த பணியாளர் சுடலைவடிவுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். சகாயராணி மட்டும் ஒரு நிமிடம் கழிந்தும் உட்காரவில்லை.

செய்தி முடிந்து ஜெபக்கனி ஒலிபெருக்கியை அணைக்கும்போது தொலைபேசி அடித்தது. திரிபுரசுந்தரி எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி வைத்தார். பின்னணியில் கப்பல் சங்கு. இரும்பும் இரும்பும் மோதும் ஓசை.

"வணக்கம் மேடம். துறைமுகத்துலருந்து பேசுதேன். ஒங்க இல்லத்துல ஒரு சமையக்காரம்மா இருந்தாகளாம். அவுக பேசுனது ஒண்ணு இருக்காம். கேக்கலாமா?"

ஜெபக்கனி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். திரிபுரசுந்தரி தொலைபேசியை அருகில் இழுத்துக்கொண்டார்.

"கேக்கலாம்மா. அரசாங்கச் செய்திதானே. சாப்பிட்டியா... சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மேடம்."

பதிவுக் கூடத்தின் இயந்திரம் குறுக்கே வந்தது. கேட்பவர் யாராக இருந்தாலும் அது கேட்டே தீரும் கேள்வி.

"சுடலைவடிவு அவர்களுக்கு நீங்கள் என்ன உறவு?"

மறுமுனையில் சங்கு ஊதி அடங்கியது. திரிபுரசுந்தரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உறவு ஒண்ணுமில்ல," என்றது அந்தக் குரல். "அவுக சமையலச் சாப்பிட்டிருக்கேன்."